மரம் இல்லாத மாளிகை

திருத்தணியிலிருந்து திருப்பதிக்குப் பஸ் ஏறுகிறவர்களில் மிகச் சிலரே இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளிச் சந்திரகிரிக் கோட்டை வரை போகிறார்கள். 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு சேரும் வரை இரண்டு ஊர்களும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தன. எல்லைக்கோடு விழுந்ததும் சந்திரகிரி நமக்கு அயலூர் ஆகிவிட்டது.

15-ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் கோலோச்சிய கோட்டை இது. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற விஜயநகரம் பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்து, பிறகு இங்கே வந்து சேர்ந்தது. முதுகுக்குச் செங்குத்தான கருங்கல் குன்று, முன்னே மதில். தற்காப்பில் பாதியை மலையே பார்த்துக்கொண்டது.

உள்ளே மூன்று அடுக்காக நிற்கிறது ராஜமகால். கல், செங்கல், சுண்ணாம்புக் காரை. தளங்களைத் தாங்க ஓர் உத்தரக் கட்டைகூட இல்லை. இது எப்படி முடியும்?

கல்லை அமுக்கினால் தாங்கும், வளைத்தால் முறியும். கருங்கல்லின் இழுவலிமை அதன் அமுக்குவலிமையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதே அரிது. கற்பலகையைத் தூண்கள்மேல் படுக்கப் போட்டால் அதன் அடிப்பக்கம் இழுபடும். அதனால் தூண்களை நெருக்கி நட வேண்டும். திருத்தணியிலேயே உள்ள அபராஜித பல்லவன் காலத்து வீரட்டானேசுவரர் கோயில் முழுக்கக் கல்லால் ஆனது, அளவில் சிறியது. ராஜமகாலின் தளங்களைத் தாங்கும் வளைவில் கதையே வேறு. மேலிருந்து வரும் பாரம் ஒவ்வொரு செங்கல்லையும் பக்கத்துச் செங்கல்லோடு நெருக்கியபடி தூணுக்கு இறங்குகிறது. எங்கும் இழுப்பு இல்லை, அமுக்கம் மட்டுமே. ஆனால் வளைவு தன் கால்களை வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைத் தடுக்கத்தான் தூண்கள் அவ்வளவு தடிமன். இடம் வீணாகிறது என்று இன்றைய பில்டர் முகம் சுளிப்பார்!

வேல்ஸ் நாட்டில் முதலாம் எட்வர்டு 1283-இல் தொடங்கிய கான்வி கோட்டையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே தளங்களும் கூரைகளும் பெரும்பாலும் மரம். 17-ஆம் நூற்றாண்டில் கூரையின் ஈயத்தை உரித்து எடுத்துப் போனார்கள்; மழை இறங்கியது. இன்று கோபுரங்கள் வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. ராஜமகாலிலோ தளங்கள் அப்படியே இருப்பதால் தொல்லியல் துறை உள்ளே அருங்காட்சியகம் நடத்துகிறது.

காரைக்கும் இதில் பங்கு உண்டு. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிப் பூசிய பிறகு அதே வாயுவைக் காற்றிலிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. தடித்த சுவரின் உட்புறம் முழுதும் இறுக வருடக்கணக்கில் ஆகும். அது வரை காரை கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்; கட்டடம் தன் பாரத்தில் அமரும்போது வளைவில் விரிசல் விழாமல் காப்பது அந்த நெகிழ்வுதான்.