பழைய கைக்கருவிகளும் இளந்தலைமுறையும்: கண்டிப் பிரதேசம் பற்றிய ஒரு நோக்கு

பழைய கைக்கருவிகளைச் சேகரிப்பதற்கெனக் கழகங்கள் அமைக்கும் வழக்கம் மேலைநாடுகளில் வேரூன்றியதொன்று. அமெரிக்காவில் 1933இலும் இங்கிலாந்தில் 1983இலும் இத்துறைசார் அமைப்புகள் தோன்றின. இத்தகைய கழகங்களில் மூத்தோரே மிகுதி. இளைஞரை ஈர்ப்பது எங்ஙனம் என்பது அவற்றின் நீங்காக் கவலை. இவ்வினாவைக் கண்டிப் பிரதேசத்துக்குப் பொருத்தி நோக்குமிடத்து, அது உறுப்பினர் தொகை பற்றியதாக மட்டும் நில்லாது, யாருடைய கருவி, யாருடைய வரலாறு என்னும் வினாவாக விரிகின்றது.

உழைப்புக் கருவிகளின் எச்சங்களைக் கொண்டு மறைந்த சமூக அமைப்புகளை அறியலாம் என்ற கருத்தை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்றொகுதியில் முன்வைத்தார். அதே ஆண்டிலேயே கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக நோக்கில் தேயிலை பயிரிட்டார். அத்தேயிலையின் வரலாற்றை எக்கருவிகள் வழியே நாம் அறிகிறோம்?

கண்டியச் சிங்களக் கைவினைஞரின் தொழின்முறைகளையும் கருவிகளையும் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்தார். 1925இல் கட்டப்பெற்ற ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001இல் அருங்காட்சியகமாயிற்று. அங்கு மேலோங்கி நிற்பவை கொழுந்தை உருட்டும், உலர்த்தும் பெரும்பொறிகளே. கவ்வாத்துக் கத்தி, முள்ளு, சுரண்டி, அலவாங்கு, கொழுந்துக் கூடை என்பன நெடுங்காலம் அரும்பொருளாக மதிக்கப்படவில்லை. இக்குறையை நிரப்பும் முயற்சியாகக் கம்பளைக்கு அண்மையில், ஓல்ட் பீகொக் தோட்டத்து லயத்தில், 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் நிறுவப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும் மலையக இளைஞருட் பலர் இக்கருவிகளை விலக்கி நிற்பது ஏன்? அதனை வெறும் அக்கறையின்மை எனக் கொள்வது தவறு. பெற்றோரின் கையில் அவர்கள் கண்ட கத்தி, பெரட்டுக்களத்தையும் போதாத நாட்சம்பளத்தையும் நினைவூட்டும் அடையாளம். அதே கத்தி விற்பனைப் பண்டமாகி ஒரு மாளிகைச் சுவரை அலங்கரிக்கும்போது, அதனை ஏந்திய கை மறைந்துவிடுகிறது. இவ்விரு நிலைகளிலும் இளைஞருக்கு அதில் பெருமைகொள்ள இடமில்லை.

எனவே சேகரிப்பின் முறையே மாறுதல் வேண்டும். முதலாவதாக, கருவியோடு அதன் தோட்ட வழக்குப் பெயர், பிடிக்கும் முறை, அது விளைத்த காயம் ஆகியனவும் சேகரிக்கப்படல் வேண்டும். பட்டை கிழியாது கிளையைச் சாய்வாக வெட்டும் கவ்வாத்துத் திறன் ஓர் அறிவு. அது முதியோரின் கையோடு மறையக்கூடியது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தமை இதற்கு நல்ல முன்மாதிரி. இரண்டாவதாக, இளைஞரைச் சந்தா செலுத்தும் உறுப்பினராகவன்றி ஆய்வாளராக அழைத்தல் வேண்டும். தோட்டப் பாடசாலை மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதலாம், கருவியை அளந்து வரையலாம். மூன்றாவதாக, சிங்களக் கிராமத்துக் கொல்லரின் கருவியும் தோட்டத் தொழிலாளியின் கருவியும் அருகருகே வைத்து ஆராயப்படல் வேண்டும். இனத்தாற் பிரிக்கப்பட்டோரின் உழைப்பு உறவு அங்குப் புலனாகும்.

இளைஞர் வரலாற்றில் நாட்டமற்றவர் என்பதை 2023ஆம் ஆண்டின் தலைமன்னார் – மாத்தளை நடைபயணம் மறுத்தது. 1948இல் குடியுரிமை இழந்து, 1964 ஒப்பந்தத்தாற் சிதறுண்ட ஒரு மக்கட் கூட்டத்துக்குக் கருவியும் ஓர் ஆவணமே. ஆனால் வறுமையை அழகுபடுத்தும் காட்சியாக அது சுருங்கலாகாது. நிலம், வீடு, கூலி பற்றிய இன்றைய வினாக்களுக்கு இட்டுச்செல்லும் சேகரிப்பே இளைஞரைத் தன்பால் ஈர்க்கும் என்பது நமது துணிபு.