பழைய கேமில் ஹீரோ முகம் ஏன் நீலமாகிறது?

சுங்கை பட்டாணியோ கூலிமோ, எஸ்டேட் வீடோ தாமானோ, அண்ணன் விளையாடிய பிளேஸ்டேஷன் கேம் இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கலாம். அதிலுள்ள படங்களைக் கணினியில் எடுத்தால் ஹீரோ முகம் நீலம்! ஃபைல் கெட்டுப்போச்சா? அவசரப்படாதீங்க.

என்ன காரணம்?

1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷன், ஒரு நிறத்தை 16 பிட்டில் வைக்கும். சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தலா 5 பிட். மிச்சம் 1 பிட், ஒளி ஊடுருவும் தன்மைக்கு. கடைசி 5 பிட்டில் இருப்பது சிவப்பு. சில மென்பொருள்கள் அங்கே நீலத்தை எதிர்பார்க்கும். அதனால் இரண்டும் இடம் மாறிடும்.

எப்படிச் சரிசெய்வது?

இமேஜ்மேஜிக் என்ற இலவசக் கட்டளைவரிக் கருவி போதும். சிவப்பையும் நீலத்தையும் மாற்றச் சொல்லி ஒரே வரி தட்டுங்கள். ஃபோல்டரில் உள்ள நூறு படமும் ஒரே மூச்சில் மாறும்.

எதில் கவனம்?

அதன் 'மோக்ரிஃபை' கட்டளை பழைய ஃபைல் மேலேயே எழுதிவிடும். முதலில் நகல் எடுங்கள். ஒரு படத்தில் சோதியுங்கள். பிளேஸ்டேஷனின் 'டிம்' வடிவத்தை இமேஜ்மேஜிக் படிக்கும், எழுதாது. படத்தைக் கேமுக்குள் திரும்பப் போட வேறு கருவி வேண்டும்.