பள்ளியில சுற்றுச்சூழல் பாடம் ஏன் கட்டாயம்? போளூர் பிள்ளைகளுக்கு அதுல என்ன இருக்கு?

ஜூன் 5 வந்தா ஒரு மரக்கன்று, பக்கத்துல நின்னு ஒரு போட்டோ. சுற்றுச்சூழல் பாடம்னா பல பள்ளிகள்ல இவ்வளவுதான். ஆனால் இந்தப் பாடம் கட்டாயமானதே உச்ச நீதிமன்ற உத்தரவால்தான்.

வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22-ம் தேதி தீர்ப்பு வந்தது. பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கணும்னு சொன்ன நீதிபதிகள், சினிமா தியேட்டர்ல விழிப்புணர்வு ஸ்லைடு போடவும் உத்தரவிட்டாங்க! அப்புறம் 2003 டிசம்பரில், 1 முதல் 12-ம் வகுப்பு வரை மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்க என்.சி.இ.ஆர்.டி-க்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

பசுமைப் படைன்னா என்ன?

2001-02ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய பசுமைப் படையின் கீழ் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் வந்தன. ஒரு மன்றத்தில் 30 முதல் 50 மாணவர்கள், ஒரு பொறுப்பாசிரியர். ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்ற அளவில் நிதி தரப்பட்டது. 50 பிள்ளைகள்னா தலைக்கு 100 ரூபாய். இதுல மரக்கன்றும் பேனரும் வாங்கினா மிச்சம் என்ன இருக்கும்?

காசில்லாம செய்யலாமா?

செய்யலாம். அதுக்கு போளூர், ஆரணி பக்கம் பட்டே நல்ல பாடம். கச்சாப் பட்டு நூலின் எடையில் சுமார் கால் பங்கு பசைதான். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வெச்சாதான் அது போகும். அதாவது ஒரு கிலோ நூலுக்கு சுமார் 250 கிராம் பசை தண்ணிக்குள்ள போகுது. சுத்திகரிக்காம விட்டா, அது அழுகும்போது நீரிலுள்ள ஆக்ஸிஜன் குறையும், மீன் சாகும். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு போளூர் வட்டம் வழியாத்தான் பாலாற்றுக்குப் போகுது. இங்கே கலப்பது கீழே இருக்கிற ஊர்களுக்கும் போய்ச் சேரும்.

பள்ளி ஆய்வகத்துல இருக்கிற லிட்மஸ் தாளே போதும். பசை நீக்கிய சோடாத் தண்ணியில் சிவப்புத் தாள் நீலமாகும். அமிலம் சேர்த்த சாயத் தண்ணியில் நீலத் தாள் சிவப்பாகும். ஆறிய பிறகு, ஆசிரியர் கூட இருக்கும்போதுதான் இதைச் செய்யணும். நெசவு வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பக்கத்துல வேற எந்த அறிவியல் பாடம் இருக்கு?

அப்படித் தெருவைப் பார்த்துக் கேள்வி கேட்டவர்தான் இதே மாவட்டத்துப் பெண், திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர். இஸ்திரி வண்டியில் எரியும் கரியைப் பார்த்துட்டு, சூரிய மின்சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைச்சார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடையில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். அப்போ அவர் பள்ளி மாணவி.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல மூணு கேள்வி போதும்: நம்ம பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் இருக்கா? பொறுப்பாசிரியர் யார்? போன வருஷம் நட்ட கன்றுல எத்தனை உயிரோட இருக்கு?