கேரம் பலகையில் முதல் அடி

எங்கள் ஊராகிய திருப்பருத்திக்குன்றத்துக்கு வருவோர் பெரும்பாலும் சமணர் கோயிலின் விதான ஓவியங்களைக் காணவே வருவர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ, இவ்வூர்ப் பிள்ளைகள் மாலை வேளைகளில் ஆடும் கேரம் ஆட்டத்தைப் பற்றி. அதிலும், முதல் அடியைப் பற்றி மட்டுமே.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் பள்ளியில் நடந்த ஒரு போட்டிக்கு நடுவராக அமர்ந்திருந்தேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் காய்களை அடுக்குவதிலேயே நெடுநேரம் செலவிட்டான். இரு கைகளாலும் அணைத்து நெருக்குவான், குனிந்து பார்ப்பான், மீண்டும் நெருக்குவான். "காலங் கடத்துகிறாயா? போதும், ஆடு" என்று அதட்டினேன். "ஒரு காய் விலகியிருக்குதுங்க ஐயா" என்றான். நான் செவி சாய்க்கவில்லை. அவன் அடித்த அடியில் கூட்டம் ஒருபுறமாகச் சிதறிற்று. ஒரு காயும் குழியில் விழவில்லை. அவன் தோற்றான். அன்றிரவு வீட்டிலிருந்த பலகையில் நானே அடித்துப் பார்த்த பிறகுதான் அவன் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

நடுவில் ஒரு சிவப்புக் காய். அதைச் சுற்றி ஆறு காய்கள் இடைவெளியின்றி அமையும். சம அளவுள்ள வட்டங்கள் மூன்று ஒன்றையொன்று தொட்டால் அவற்றின் மையங்கள் சமபக்க முக்கோணம் ஆகும். ஆறு முறை 60 பாகை சேர்ந்தால் 360. அதற்கு வெளியே பன்னிரண்டு. ஆக மொத்தம் 19. வெளிச்சுற்றில் ஆறு காய்கள் முனைகளில் நிற்கும், ஆறு முனைகளுக்கு இடையில் நிற்கும்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முனைக்காயை நடுவை நோக்கி நேராக அடித்தால் அதன் பின்னே உட்காய், சிவப்பு, மறுபுறத்து உட்காய், முனைக்காய் என ஐந்தும் ஒரே கோட்டில் நிற்கின்றன. விசை அக்கோட்டில் ஊடுருவிச் செல்லும். இடைக்காயை அடித்தாலோ பின்னே இரண்டு உட்காய்கள் இருபுறமும் 30 பாகை விலகி நிற்பதால், விசை இரண்டாகப் பிரியும். அடுக்கைச் சற்றே திருப்பி வைத்தாலே அடியின் தன்மை மாறிவிடுகிறது. வெள்ளைக் காய்கள் மூன்று கிளைகளாகப் பிரியுமாறு வைப்பது வழக்கம். கிளைகளுக்கு இடையே 120 பாகை. நடுவிலிருந்து நோக்கினால் அடுத்தடுத்த இரு மூலைக்குழிகளுக்கு இடையே 90 பாகைதான். ஆகவே இரு கிளைகளையும் ஒருங்கே குழிகளுக்கு நேர்ப்படுத்த எவராலும் இயலாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதை அடிப்பவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டியிருக்கும் காய், எப்புறத்திலிருந்து தள்ளப்பட்டாலும், இரு மையங்களையும் இணைக்கும் கோட்டில்தான் பெரும்பாலும் புறப்படும். இடையில் மயிரிழை இடைவெளி இருந்தால் முன்காய் முதலில் நகர்ந்து, பிறகே மோதும். நகரும்போது திசை சிறிது பிறழும். அப்பிழை அடுத்த மோதலில் பெருகும். ஒவ்வொரு மோதலிலும் ஆற்றல் சிறிது குறையும். பலகையில் தூவும் பவுடர் காய்களுக்கு இடையே சிக்கினாலும் போதும். மேனாட்டார் பூல் விளையாட்டில் 15 பந்துகளை முக்கோணச் சட்டத்தில் இறுக்கி வைப்பதும் இதே காரணத்தால்தான். நமக்குச் சட்டம் இல்லை, உள்ளங்கைகளே சட்டம். 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையராக விளங்கிய சென்னை மரியா இருதயத்தின் ஆட்டமும் இப்படிக் கையால் அடுக்கிய காய்களிலிருந்து தொடங்கியதே.

மறுநாள் அப்பையனை அழைத்து, இவற்றையெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டி, பிழை என்னுடையதென்று வகுப்பறிய ஒப்புக்கொண்டேன். அவன் கணக்கை வியக்கவில்லை. "பாவுல ஓர் இழை தளர்ந்தாலும் தறியில தெரிஞ்சிடுங்க ஐயா, இதுவும் அப்படித்தானுங்களே" என்றான். பரிசுக் கோப்பை முந்தின நாளே வேறொருவன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.