செவிலிய மாணவர் சங்கம் யாருக்கானது?

திருவாலங்காடு என்ற பெயரைக் கேட்டதும் வரலாற்று மாணவர்களுக்கு முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் நினைவுக்கு வரும். பக்தர்களுக்கு இரத்தின சபையும் காரைக்கால் அம்மையாரும். காலை நேரத்து அரக்கோணம் - சென்னை மின்தொடர் வண்டியில் வருபவர்களுக்கு அது வேறோர் ஊர். மணவூர், கடம்பத்தூர் வழியாகத் திருவள்ளூருக்கும் சென்னைக்கும் செல்லும் அந்த வண்டியில், வெள்ளைக் கோட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பயணிக்கும் இளம்பெண்களைக் காணலாம். செவிலியப் படிப்பில் சேர்ந்தவர்கள் அவர்கள். கரும்பு வெட்டு, செங்கல் சூளை, அரிசி ஆலை, சற்றுத் தொலைவில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஒப்பந்தக் கூலி என இருந்துவரும் குடும்பங்களில் பள்ளியிறுதி முடித்த ஒரு பெண்ணுக்கு, மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் அரசுப் பதிவெண்ணுடன் கூடிய ஒரு தொழிலைத் தரக்கூடிய படிப்பு இது. பொறியியலைப் போல வேலையின்றி நிற்கும் அச்சம் குறைவு. மருத்துவப் படிப்பைப் போல நீட் தேர்வின் சுவரும் தமிழ்நாட்டில் இதற்கு எழுப்பப்படவில்லை. ஆகவே, மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பட்டியலினத்தவர் வாழும் திருவள்ளூர் மாவட்டத்தில், செவிலியக் கல்வியை விவாதிப்பது தலித் பெண்களின் வாழ்வாதாரத்தை விவாதிப்பதாகும்.

அக்கல்லூரிகளில் பலவற்றில் 'எஸ்.என்.ஏ.' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் அமைப்பு உண்டு. செவிலிய மாணவர் சங்கம் என்பது அதன் பொருள். மாணவிகளைக் கேட்டால், ஆண்டு விழா நடத்தும் குழு, விளையாட்டுப் போட்டி நடத்தும் குழு, செவிலியர் நாளன்று விளக்கேற்றும் குழு என்பார்கள். அந்த விளக்கம் பொய்யன்று, ஆனால் போதாது.

இச்சங்கத்தின் தாய் அமைப்பு இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம், அதாவது டி.என்.ஏ.ஐ. மருத்துவமனைகளில் செவிலியர்களை மேற்பார்வையிட்ட கண்காணிப்பாளர்கள், பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்கள், 1905-இல் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். 1908-இல் பயிற்சி பெற்ற செவிலியர்களின் சங்கம் தோன்றியது. 1922-இல் இரண்டும் ஒன்றாயின. மாணவர் பிரிவு 1929-இல் உருவாக்கப்பட்டது. அதன் முதல் கிளை தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில். செவிலியர், மருத்துவச்சியரின் பதிவுக்கெனச் சென்னை மாகாணம் 1926-இலேயே சட்டம் இயற்றிவிட்டிருந்தது. எனவே, இச்சங்கம் நம்முடைய மாகாணத்தில் முளைவிட்ட ஒன்று. அந்த மருத்துவமனையின் வாசலை இன்றும் திருவாலங்காட்டு மாணவி தொடர்வண்டியில் இறங்கிய சில நிமிடங்களில் அடைந்துவிடலாம்.

அமைப்பின் இயக்கம் எளிமையானது. கல்லூரி அல்லது செவிலியப் பள்ளி ஒவ்வொன்றும் ஒரு கிளை. பொதுவாகக் கல்லூரி முதல்வரே கிளையின் தலைவர். ஆசிரியர் ஒருவர் ஆலோசகர். செயலாளர், பொருளாளர் முதலிய பொறுப்புகளுக்கு மாணவர்கள் வருவர். கிளைகளுக்கு மேலே மாநிலக் கிளை. அதற்கு மேலே தேசிய அளவு. மாநில மாநாடுகளுக்குக் கிளைகளின் பிரதிநிதிகள் செல்வர். படிப்பு முடித்துப் பதிவு பெற்றதும் மாணவ உறுப்பினர் டி.என்.ஏ.ஐ.-யின் உறுப்பினராகலாம். மாணவர்களைத் தொழிற்சங்க வாழ்வுக்குப் பழக்குவதே தன் நோக்கங்களுள் ஒன்று என இச்சங்கம் கூறிக்கொள்கிறது. கூட்டம் நடத்துதல், நடவடிக்கைக் குறிப்பு எழுதுதல், வரவு செலவை வைத்தல், ஒரு கருத்தைத் தீர்மானமாக வடித்தல் ஆகியன இதில் பழகக் கிடைப்பவை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இவற்றை வீட்டில் கற்றுத்தர ஆளில்லை. அப்பாவோ அண்ணனோ ஒரு சங்கத்தின் செயலாளராக இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை உணவு மேசையிலேயே கிடைத்துவிடுகின்றன.

பிறகு ஏன் தலித் மாணவிகள் இச்சங்கத்தில் பின்வரிசையிலேயே நிற்கிறார்கள்?

முதலில் பணம். அரசாணை 92 பட்டியலின, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் எனச் சொல்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையும் உண்டு. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். உதவித்தொகை தாமதமாக வருவதும், அதுவரை நிர்வாகம் மாணவியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பாக்கியை நினைவூட்டுவதும் இவ்விதழின் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆனால் சங்கச் சந்தா, மாநாட்டுப் பயணச் செலவு, நடனத்துக்கு வாடகை உடை போன்ற சில்லறைச் செலவுகளை எந்த அரசாணையும் கணக்கில் கொள்வதில்லை. இருநூறு ரூபாய் கேட்கப்படும் நாளில் 'எனக்கு ஆர்வமில்லை' எனச் சொல்லிவிடுவது, 'என்னிடம் இல்லை' என்பதைவிட மானத்துக்குப் பழுதில்லாத விடை. ஆசிரியர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, 'அந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவு' என எழுதிவிடுகின்றனர்.

அடுத்தது நேரம். சங்கக் கூட்டங்கள் வகுப்பும் வார்டு டியூட்டியும் முடிந்த மாலையில் நடக்கும். விடுதி மாணவி இருந்துவிடலாம். இருட்டுவதற்குள் திருவாலங்காட்டில் இறங்கி, நிலையத்திலிருந்து காலனிக்குப் போய்ச் சேர வேண்டியவள் எழுந்து போய்விடுவாள். அவள் இல்லாத கூட்டத்தில் பொறுப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள்.

மூன்றாவது காரணம் மொழி என்று வெளியில் சொல்லப்படுகிறது. மேடையில் ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவரே செயலாளராக வேண்டும் என்பது எந்த விதியிலும் இல்லாத, ஆனால் விதியைவிட வலுவான வழக்கம். 'பார்ப்பதற்கு நன்றாக இருக்க வேண்டும்' என்பதும் அதனோடு சேரும். விருந்தினரை வரவேற்க யாரை நிறுத்துகிறார்கள், பின்னால் நாற்காலி போட யாரை அனுப்புகிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். நேரடியாகச் சாதி கேட்கப்படுவதில்லை. ஊர் கேட்கப்படும்; பிறகு 'ஊரில் எந்தத் தெரு?' என்று கேட்கப்படும். திருவாலங்காட்டின் தெருக்களுக்கு எந்தக் கல்லூரியிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

செவிலியத் தொழிலுக்கும் சாதிக்குமான உறவைத் தொடாமல் இதை விளங்கிக்கொள்ள இயலாது. இரத்தம், மலம், சீழ், பிரசவ அழுக்கு ஆகியவற்றைத் தொடுவது தீட்டு என வகுத்த சமூகத்தில், பிரசவம் பார்த்தல் தாழ்த்தப்பட்ட பெண்களின் கடமையாக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் மருத்துவச்சி நாவிதர் குடும்பத்துப் பெண்; வட இந்தியாவில் தாய் எனப்பட்டவர் பெரும்பாலும் தலித் பெண். நவீன மருத்துவமனைகள் வந்தபோது, ஆதிக்கச் சாதிப் பெண்கள் இத்தொழிலை நெடுங்காலம் ஏற்கவில்லை. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவர்களும் அந்த இடத்தை நிரப்பினர். தொழிலுக்கு மதிப்பையும் ஊதியத்தையும் கோரியபோது, தலைமையில் இருந்தவர்கள் தங்களை 'தாய்'களிடமிருந்தும் ஆயாக்களிடமிருந்தும் துப்புரவுப் பணியாளரிடமிருந்தும் பிரித்துக் காட்டினார்கள். தூய்மையான வெள்ளைச் சீருடை அந்தப் பிரிவினையின் அடையாளமாகவும் ஆயிற்று. அதே வார்டில் பெட்பேன் எடுக்கும் பணியாளர் ஒரு தலித் மாணவிக்குச் சித்தியாகவோ அத்தையாகவோ இருக்கக்கூடும். அவரை எல்லோர் முன்னும் 'அத்தை' என அழைப்பதா, 'ஆயாம்மா' என அழைப்பதா என்ற தயக்கம், தொழில்சார் மாண்பைப் பற்றிய எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு பாடம்.

இத்தனைக்கும் பிறகு இச்சங்கத்தில் சேர்ந்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி நியாயமானது. முதல்வரைத் தலைவராகக் கொண்ட அமைப்பு முதல்வருக்கு எதிராகத் தீர்மானம் போடாது. இது மாணவர் பேரவை அன்று. 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட லிங்டோ குழுவின் பரிந்துரைகள், கல்லூரிகளில் மாணவர் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்கின்றன. தமிழ்நாட்டுத் தனியார் செவிலியக் கல்லூரிகளில் அப்படியொரு பேரவையைத் தேடிக் காண்பது அரிது. அம்பேத்கர் மாணவர் சங்கம் போன்ற ஓர் அமைப்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் கட்டுவது போல, வருகைப் பதிவும் உள்மதிப்பீடும் மருத்துவமனைப் பயிற்சி மணிநேரமும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும் செவிலியக் கல்லூரியில் கட்டிவிட முடியாது. இருக்கும் ஒரே வாசல் எஸ்.என்.ஏ. என்பதே அதில் நுழைவதற்கான முதற்காரணம்.

இரண்டாவது காரணத்தைத் தாய்ச் சங்கத்தின் வரலாறு தருகிறது. தனியார் மருத்துவமனைகளில் செவிலியர்கள் அற்ப ஊதியத்துக்குச் சுரண்டப்படுவதை எதிர்த்து 2011-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது டி.என்.ஏ.ஐ. 2016 சனவரியில் நீதிமன்றம், இதை ஆராய ஒரு குழுவை அமைக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. குழுவின் பரிந்துரை தெளிவானது: 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம், 100-க்கு மேல் என்றால் அதிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது, 50-க்கு மேல் என்றால் இருபத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது, அதற்கும் சிறிய மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பரிந்துரை பரிந்துரைதான், நடைமுறைப்படுத்த வேண்டியவை மாநிலங்கள். கேரளத்தில் செவிலியர்கள் தெருவில் இறங்கித் தொடர்ந்து போராடியதால் 2018-இல் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வந்தது. தொழிற்பேட்டைகளைச் சுற்றி முளைத்திருக்கும் சிறு மருத்துவமனைகளில் வேலைக்குச் சேரப்போகும் மாணவிகளுள் எத்தனை பேர், இந்த எண்களைத் தம் கல்லூரியில் யாரும் சொல்லக் கேட்டிருக்கிறார்கள்? ஒரு எஸ்.என்.ஏ. கிளை ஒரே ஒரு மாலைக் கூட்டத்தில் இதைச் செய்துவிடலாம்.

தமிழ்நாட்டு அனுபவமும் உண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் 2015-ஆம் ஆண்டுத் தேர்வு வழியாக ஆயிரக்கணக்கான செவிலியர்கள் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை மருத்துவ இயக்ககத்தின் வளாகத்தில் திரண்டபோது, அரசு மிரட்டியது; உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. கைக்குழந்தையோடு வந்திருந்தவர்களும் இருந்தனர். பின்னர் ஊதியம் 14,000 ஆக உயர்ந்தது. நிரந்தரம் படிப்படியாகவும் அரைகுறையாகவும் வந்தது. கொரோனா காலத்தில் அமர்த்தப்பட்டவர்களில் ஏறத்தாழ 2,400 பேரின் ஒப்பந்தம் 2022 திசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. இந்தப் போராட்டங்களின்போது வளாகத்துக்குள் குரலெழுப்பியவர்கள் திடீரென அமைப்பானவர்கள் அல்லர். கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் கோரிக்கையை எழுதுவதும் எங்கோ கற்கப்பட வேண்டிய திறன்கள்.

அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே கறுப்பினச் செவிலியர்கள் தமக்கெனத் தனிச் சங்கத்தை 1908-இல் தொடங்கினர். இங்கே பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தோன்றிய அதே ஆண்டு. பொதுச் சங்கத்தின் கதவுகள் பல மாநிலங்களில் அவர்களுக்கு மூடப்பட்டிருந்ததே காரணம். மேபல் ஸ்டாப்பர்ஸ் என்னும் கறுப்பினச் செவிலியர் இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுவதும் வாதாடி, 1945-இல் இராணுவச் செவிலியப் படையின் இன ஒதுக்கீட்டு வரம்பை உடைத்தார். பொதுச் சங்கம் திறந்துகொண்ட பின், 1951-இல் தனிச் சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டது. அங்குள்ள தேசியச் செவிலிய மாணவர் சங்கம் 1960-களில், கறுப்பின, சிறுபான்மை இளைஞர்களைச் செவிலியக் கல்விக்குள் கொண்டுவருவதைத் தன் சொந்த வேலைத்திட்டமாகவே ஏற்றது. மாணவர் சங்கம் என்பது அழகிப் போட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் அப்பால் எதையும் செய்யாது என்பது இயற்கை நியதியன்று. தனியாக நிற்பதா, உள்ளே நுழைவதா என்ற வாதத்தில் அவர்கள் இரண்டையும் காலத்துக்கேற்பச் செய்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

நம் கிளைகளில் உடனே தொடங்கக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. தேர்தலைப் பகல் வேளையில், எல்லா ஆண்டு மாணவர்களும் வகுப்பில் இருக்கும் நாளில் நடத்தக் கோரலாம். சந்தாவைக் கல்வி உதவித்தொகை வந்தபின் செலுத்த அவகாசம் கேட்டுத் தீர்மானம் இயற்றலாம். கூட்டத்தைத் தமிழில் நடத்தி, குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில் எழுதலாம். பொருளாளர் பொறுப்பை நம் மாணவிகள் நாடுவது நல்லது. மேடைப் பேச்சு தேவைப்படாத, ஆனால் கிளையின் ஒவ்வொரு முடிவும் தன் மேசை வழியே செல்லும் பொறுப்பு அது. மாணவர்களின் மூலச் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. அதன் 2012-ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள், பாகுபாட்டுப் புகார்களைப் பெற ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்கின்றன. 'நம் கல்லூரியில் அந்த அலுவலர் யார்?' என்ற ஒற்றைக் கேள்வியைக் கூட்டத்தில் எழுப்பி, அது நடவடிக்கைக் குறிப்பில் பதியப்படுவதை உறுதிசெய்வது எந்த விதியையும் மீறியதாகாது. சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் பள்ளியோடு நின்றுபோகும் இருளர் பெண்களைப் பற்றித் திருவள்ளூர் மாவட்டக் கிளை ஒன்று கணக்கெடுக்கலாம். சமுதாயச் செவிலியப் பயிற்சிக்காகக் கிராமங்களுக்கு எப்படியும் செல்ல வேண்டியிருக்கிறது.

இடர்களை மறைக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்ட மாணவியின் உள்மதிப்பீடு குறையலாம். இரவுப் பணி அடுத்தடுத்து வரலாம். ஆகவே ஒருவராகக் கேட்காமல் ஐந்து பேராகக் கையெழுத்திட்டுக் கேட்பதும், வெளியில் ஒரு வழக்கறிஞரையோ மாவட்டத்து உரிமை அமைப்பையோ முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பதும் தேவை. இங்கேதான் செயற்பாட்டாளர்களின் வேலை தொடங்குகிறது. பல்கலைக்கழக வளாகங்களிலேயே சுற்றிவரும் நம் மாணவர் இயக்கங்கள் செவிலியக் கல்லூரியின் வாசலுக்குச் சென்று துண்டறிக்கை கொடுத்ததுண்டா என எண்ணிப் பார்க்கலாம். வாசலில் காவலர் தடுத்தாலும், மாலை வண்டியில் திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அந்த மாணவிகளோடு பேச முடியும்.