மலையேறும் கறவை மாடு: சந்தையிலும் ஏலத்திலும் ஏமாறாமல் வாங்குவது எப்படி?

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் மேல் இருக்கிறது நெல்லிவாசல்நாடு. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றைப் போல இதுவும் மலைவாழ் மக்கள் வாழும் நாடுகளில் ஒன்று. சாமையும் கேழ்வரகும் இவர்களுக்குச் சோறு போடும் பயிர்கள். புளியும் தேனும் கடுக்காயும் கைச்செலவுக்குக் காசு தருபவை. ஏருக்கும் எருவுக்கும் சிறுத்த உடம்புள்ள மலைமாடுகள்.

இங்கே பொழுது விடிவதற்கு முன்பே தொழுவத்தில் நாள் தொடங்கிவிடுகிறது. பெண்கள் சாணம் வாரிக் குப்பையில் கொட்டிப் பால் கறந்த பிறகுதான் அடுப்பு மூட்டுகிறார்கள். ஆண்கள் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டுக் கொல்லைக்குப் போகிறார்கள். மாடு மேய்ப்பது வீட்டுப் பெரியவர்கள் பொறுப்பு. மாலையில் மாடு திரும்பும்போது வழியில் அறுத்த புல்கட்டும் ஒன்று தலையில் வந்து சேரும். உழைப்புக்குக் குறைவில்லை. பணம்தான் ஆண்டுக்கு ஒருமுறை, சாமையும் புளியும் விற்கும்போது மட்டும் கண்ணில் படுகிறது. அந்தப் பணத்தில் ஒரு கறவை மாடு பிடித்துவிட்டால் மாதாமாதம் வருமானம் வருமே என்று பலரும் நினைப்பது இயற்கையே.

ஜவ்வாது மலைப் பகுதிக்கு ஒருமுறை சென்றபோது பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, கீழே எட்டு லிட்டர் கறந்த மாடு, மேலே வந்ததும் நாலு லிட்டர்தான் கறக்குது. மலைத் தண்ணி ஒத்துக்கலையா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். குற்றம் மலைத் தண்ணீரில் இல்லை. மூன்று காரணங்கள் இருக்கலாம். அந்த மாடு கீழேயும் எட்டு லிட்டர் கறக்காமல் இருந்திருக்கலாம். பயணத்திலும் தீவன மாற்றத்திலும் அடிபட்டிருக்கலாம். அல்லது எட்டு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாலு லிட்டருக்கான தீவனமே கிடைத்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சந்தையில் நடப்பது என்ன?

வட மாவட்டத்து விவசாயிகளுக்கு வேலூரை அடுத்த பொய்கை மாட்டுச் சந்தை நன்கு தெரிந்த ஒன்று. செவ்வாய்க்கிழமைதோறும் கூடுகிறது. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு அண்டை மாநிலங்களிலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். எந்தச் சந்தையாயினும் வழக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். துண்டை மேலே போட்டு, அதன் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். தரகருக்கும் வியாபாரிக்கும் அந்த விரல் கணக்கு மனப்பாடம். மலையிலிருந்து முதல்முறை வந்தவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான். தம் மாட்டின் விலை என்னவென்று அவருக்கே கடைசியில்தான் தெரியும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 1980களின் தொடக்கத்தில், நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, என் தாயார் தம் காதுத் தோட்டை விற்று ஒரு கறவை மாடு வாங்கினார்கள். சந்தையில் மடி குடம்போல் இருந்தது. வீட்டில் மறுநாள் காலை கறந்தபோது ஒரு காம்பில் பாலே வரவில்லை. முதல் நாள் முழுவதும் கறக்காமல் மடியில் பாலைக் கட்டி வைத்து விற்றிருக்கிறார்கள். கூட வந்த கன்றும் அந்த மாட்டின் கன்று அல்ல. தாயார் யாரையும் திட்டவில்லை. "நாம கறந்து பார்த்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார்கள். கறவை மாடு வாங்குவோருக்கு நான் சொல்லும் முதல் விதி இன்றும் அதுவே.

மூன்று வேளை கறந்து பாருங்கள்

சந்தையில் ஒரு வேளை கறப்பதை நம்பி மாடு வாங்கக் கூடாது. விற்பவரின் தொழுவத்துக்கே சென்று, உங்கள் கண்முன் அடுத்தடுத்து மூன்று வேளை கறக்கச் செய்யுங்கள். முதல் வேளைப் பாலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மடியில் கட்டி வைத்த பால் அதில் வந்துவிடும். அடுத்த இரண்டு வேளைப் பாலையும் கூட்டினால் வருவதே உண்மையான ஒரு நாள் கறவை. ஓர் இரவு தங்கும் சிரமம் உண்டுதான். ஆனால் அதன் பலனைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

மாடு கன்று ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சக் கறவையை எட்டி, பிறகு படிப்படியாகக் குறையும். உச்சக் கறவையை 200ஆல் பெருக்கினால் அந்த ஈத்து முழுவதும் கிடைக்கும் பால் ஏறத்தாழத் தெரியும். பத்து லிட்டர் மாடு என்று சொல்லி விற்றது ஏழு லிட்டர்தான் கறந்தால், 2,000 லிட்டருக்குப் பதில் 1,400 லிட்டரே கிடைக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த விலையிலேயே கணக்கிட்டாலும் 600 லிட்டருக்கு நட்டம் 21,000 ரூபாய். ஓர் இரவுத் தூக்கத்தின் விலை அவ்வளவு!

கண்ணும் கையும் கொண்டு சோதித்தல்

பல்: மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டுமே எட்டு முன்பற்கள் உண்டு. ஏறத்தாழ இரண்டு வயதில் முதல் ஜோடி நிலைப்பல் முளைக்கும். இரண்டரையில் நாலு பல், மூன்றில் ஆறு பல், மூன்றரை முதல் நாலு வயதுக்குள் எட்டுப் பல்லும் சேர்ந்துவிடும். எட்டும் சேர்ந்து தேய்ந்திருந்தால் மாடு வயதானது. கொம்பு வளையத்தை எண்ணி வயது சொல்வார்கள். ஆனால் கொம்பைச் சீவி எண்ணெய் தடவிவிட்டால் வளையம் மறைந்துவிடும். பல்லைச் சீவ முடியாது.

ஈத்து: இரண்டாம் அல்லது மூன்றாம் ஈத்தில், கன்று ஈன்று ஒரு மாதத்துக்குள் இருக்கும் மாடு சிறந்தது. சினை மாடு என்று சொன்னால் கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

மடி: கறந்த பிறகு மடி சுருங்கித் தோல்போல் மென்மையாக இருக்க வேண்டும். கறந்தும் பெரிதாகவே இருந்தால் அது சதை மடி. நாலு காம்பிலும் பால் சீராக வருகிறதா என்று தனித்தனியே பீய்ச்சிப் பாருங்கள். முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியிலோ கறுப்புத் தட்டிலோ விட்டால் திரியும் கட்டியும் இருப்பது தெளிவாகத் தெரியும். இருந்தால் மடிநோய் என்று கொள்ளலாம். அடிவயிற்றில் பால் நரம்பு பருத்து வளைந்து ஓடுவது நல்ல அறிகுறி.

கன்று: மாடு கன்றை நக்குகிறதா, பால் ஊட்டவிடுகிறதா என்று கவனியுங்கள். இரவல் கன்றாக இருந்தால் மாடே காட்டிக்கொடுத்துவிடும்.

சுழி: சுழி பார்த்து மாடு வாங்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மயிர் சுழன்றிருக்கும் இடத்துக்கும் மடியில் ஊறும் பாலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மற்ற சோதனைகளில் தேறிய மாடு, சுழி சரியில்லை என்ற காரணத்தால் விலை குறைத்துக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்களின் அச்சம் உங்களுக்கு இலாபம்.

ஏலத்தில் வாங்குவோர் கவனத்துக்கு

ஓசூர் போன்ற அரசு கால்நடைப் பண்ணைகளில் கழிக்கப்படும் மாடுகளைப் பொது ஏலத்தில் விடுவது வழக்கம். டேவணி எனப்படும் முன்வைப்புத் தொகையைக் கட்டிவிட்டு யாரும் கேட்கலாம். இங்கே துண்டு மறைவு இல்லை. விலை எல்லோர் காதிலும் விழுகிறது. அது நல்லதே. ஆனால் பண்ணை ஒரு மாட்டைக் கழிப்பதற்குக் காரணம் இருக்கும். வயது, கருத்தரிக்காமை, மடிக் கோளாறு, குறைந்த கறவை, அல்லது பண்ணையின் தேவைக்கு மேல் எண்ணிக்கை மிகுதி. கடைசிக் காரணத்தால் கழிக்கப்படும் கிடேரிகளே நமக்கு ஏற்றவை. ஏலத்துக்கு முன்பே மாட்டின் பதிவேட்டுக் குறிப்பையும் கழித்த காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேலும், இன்ன தொகைக்கு மேல் கேட்பதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். ஏலம் சூடேறும்போது பக்கத்து ஆளை வெல்ல வேண்டும் என்ற எண்ணம் வரும். வென்றபின் மாடு மட்டுமே நம்முடன் வரும். கடனும் உடன் வராமல் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இங்கிலாந்தில் கால்நடை ஏலக் கூடங்களில் மாட்டை வட்டமாக நடக்கவிட்டு, அதன் தாய் வழியையும் கறவைப் பதிவையும் அறிவித்து ஏலம் விடுகிறார்கள். எழுதி வைத்த கணக்குக்கே அங்கு விலை. நம் ஊரிலும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் காலை, மாலைப் பாலளவு, சினை ஊசி போட்ட தேதி, கன்று ஈன்ற தேதி ஆகியவற்றைக் குறித்து வைத்தால், விற்கும்போது அந்த நோட்டே தரகரின் வேலையைச் செய்யும்.

மலைக்குக் கொண்டு செல்லும்போது

வெயில் தாழ்ந்த பிறகு ஏற்றுங்கள். வண்டியின் தரையில் மணலோ வைக்கோலோ பரப்ப வேண்டும். 1978ஆம் ஆண்டு விதிகளின்படி சாதாரண லாரி ஒன்றில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. மலைப்பாதை வளைவுகளில் மாடு விழாமலிருக்க வண்டியை மெதுவாகச் செலுத்தச் சொல்லுங்கள்.

வாங்கிய இடத்தில் மாடு தின்ற தீவனத்தில் ஒரு மூட்டை கேட்டு வாங்கி வருவது நலம். அதனுடன் நம் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து பத்து நாட்களில் மாற்ற வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் கண்டு பால் குறையும். புதிய மாட்டை மூன்று வாரங்களாவது பழைய மாடுகளிலிருந்து தனியே கட்டுங்கள். 2022இல் நாட்டின் பல மாநிலங்களில் தோல் கழலை நோய் பரவியது நினைவிருக்கும். கோமாரி நோய்க்கு ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசி போட வேண்டும். கன்று வீச்சு நோயான புரூசெல்லாவுக்கு இரத்தப் பரிசோதனை அவசியம். அது மனிதருக்கும் தொற்றும். காதில் உள்ள 12 இலக்கத் தோட்டின் எண்ணும் காப்பீட்டுத் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

எட்டு லிட்டர் மாட்டுக்கு என்ன தீனி?

உடம்பைக் காப்பாற்ற ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், பிறகு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது பொதுவான கணக்கு. எட்டு லிட்டர் மாட்டுக்கு நாலரை முதல் ஐந்து கிலோ தேவைப்படும். 100 கிலோ தயாரிக்க, மக்காச்சோளம் அல்லது கேழ்வரகு 40 கிலோ, பிண்ணாக்கு 30 கிலோ, தவிடு 27 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதாரண உப்பு 1 கிலோ கலந்தால் போதும்.

இவ்வளவு அடர்தீவனத்துக்குப் பணம் எங்கே போவது என்று கேட்பீர்கள். பசுந்தீவனத்தால் இதில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். மலைச் சரிவில் மானாவாரியாகக் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் கலந்து விதைக்கலாம். அவை மண்ணையும் பிடித்து நிறுத்தும். வேலியோரம் அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா நடலாம். கேழ்வரகுத் தாள் நெல் வைக்கோலைவிடச் சத்து மிக்கது. அதையும் சாமைத் தாளையும் மழையில் நனையவிடாமல் போர் போட்டுக் காக்க வேண்டும். வேண்டிய மட்டும் குடிக்க நல்ல தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே!

எல்லோருக்கும் ஏற்றதா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், போகிற ஊரிலெல்லாம் கலப்பின மாடு வாங்குங்கள் என்றே நான் பேசினேன். பால் ஊற்றுமிடம் எவ்வளவு தூரம், மருத்துவர் வர எவ்வளவு நேரமாகும், கோடையில் தண்ணீர் இருக்குமா என்று கேட்க மறந்தேன். இம்மூன்றுக்கும் நல்ல பதில் இல்லாத ஊரில், மேய்ந்து திரும்பும் மலைமாடும் நாலு வெள்ளாடும் கடன் வாங்கிய கலப்பின மாட்டைவிட மேலானவை. அங்கே கிடைக்கும் சிறிது பாலையும் நெய்யாக்கினால் கெடாமல் விற்கலாம். பதில் நன்றாக இருந்தால், ஜெர்சிக் கலப்பு மாடு ஒன்றுடன் தொடங்குங்கள். அதன் கிடேரிக் கன்றே உங்கள் இரண்டாவது மாடாகட்டும். வீட்டில் பிறந்த மாட்டுக்குத் தரகும் இல்லை, மலையேறும் அலுப்பும் இல்லை.

கேள்வி கேட்ட பெரியவரிடம், அவர் மாட்டுக்கு என்ன வைக்கிறார் என்று விசாரித்தேன். காட்டு மேய்ச்சலும் ஒரு படி தவிடும் என்றார். கறந்து பார்த்தா வாங்கினீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். "தண்ணி மேல பழி போட்டது தப்புதான்" என்றார்.

அடுத்த சாமை அறுவடைப் பணத்தோடு சந்தைக்குப் புறப்படும் அன்பர்கள், புறப்படுமுன் தங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டுகிறேன். வீட்டில் பால் கறக்கும் பெண்ணையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மடியைப் பற்றி அவர் கைக்குத் தெரிந்தது நம்மில் பலருக்குத் தெரியாது.