மலை மழையும் கந்தளாய்க் கட்டும்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து திணைகளையும் பள்ளிக்கூட வாங்கில் இருந்து மனனம் செய்தவர்கள் நாம். எந்த நிலத்துக்கு எந்தப் பூ, எந்தத் தெய்வம், எந்தப் பொழுது என்று ஒப்புவித்து, ஆசிரியரிடம் குட்டு வாங்காமல் தப்பியதோடு அந்தப் பாடம் முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணியிருப்போம். நேயர்களே, நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், கண்டியிலிருந்து திருகோணமலைக்குக் கொட்டும் மழையில் பஸ்ஸில் வந்த ஒரு பகற்பொழுது அந்தப் பாடத்தை எனக்குத் திரும்பவும் படிப்பித்தது.

கண்டியை விட்டுப் புறப்படும்போதே மழை பிடித்துவிட்டது. கட்டுகாஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஏறியபோது, கீழே மகாவலி கலங்கிச் சிவந்து ஓடிக்கொண்டிருந்தது. இலங்கையின் மிக நீண்ட ஆறு இது; 335 கிலோமீற்றர் நீளமுடையது. அது கடலில் கலக்கும் இடம் எங்கள் கொட்டியாரக் குடா. ஆகவே அந்தப் பாலத்தில் நின்று பார்த்தால், ஊருக்குப் போகும் ஆற்றைத்தான் பார்க்கிறோம். ஆனால் அந்த ஆற்றின் நீர் முழுவதும் ஒரே வழியால் ஊருக்கு வருவதில்லை என்பதைப் பலர் அறியார்.

பாலத்துக்குச் சற்றுக் கீழே பொல்கொல்லை என்ற இடத்தில் மகாவலிக்குக் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. மகாவலித் திட்டத்தின் முதற் பெரு வேலைகளில் ஒன்றாக 1976இல் முடிக்கப்பட்டது. அங்கே ஆற்று நீரின் ஒரு பங்கு மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக மலையைத் துளைத்துக்கொண்டு உக்குவலைக்கு வருகிறது. அங்கு மின்சாரத்தைத் தந்துவிட்டு, மாத்தளைப் பக்கம் ஓடும் சுது கங்கையில் விழுகிறது. சுது கங்கை அம்பன் கங்கையோடு சேர்கிறது. அம்பன் கங்கையின் நீர் எலகரையில் மறிக்கப்பட்டுப் பழைய கால்வாய் வழியே மின்னேரியாக் குளத்துக்கும், கவுடுல்லைக்கும், கடைசியாகக் கந்தளாய்க்கும் போகிறது. பஸ்ஸும் ஏறக்குறைய அதே திசையில்தான் ஓடுகிறது. நாம் வீதியால் வருகிறோம்; நீர் சுரங்கத்தாலும் கால்வாயாலும் வருகிறது.

மாத்தளை வரையில் குறிஞ்சி நிலம். வலப்புறத்தே நக்கிள்ஸ் மலைத்தொடர், முகில் மூடி இருந்த இடமே தெரியவில்லை. மிளகுக் கொடி ஏறிய மரங்களும் கொக்கோத் தோட்டங்களும் நனைந்து கறுத்து நின்றன. மலையிலிருந்து ஒழுகிய சிற்றருவிகள் வீதிக்குக் குறுக்கே பாய்ந்தன. மண்சரிவுக்குப் பயந்து சாரதி ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தார். பழந்தமிழ் இலக்கணம் குறிஞ்சிக்குக் கூதிர் காலத்தை உரிய பொழுதாக வகுத்தது ஏன் என்று அன்று எனக்குக் கொஞ்சம் விளங்கியது. கூதிர் என்பது குளிரும் மழையும் சேர்ந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்கள். பஸ்ஸின் கண்ணாடி இடுக்கால் வந்த சாரலில் எல்லோரும் ஒடுங்கி, ஒருவரோடொருவர் நெருங்கி இருந்தோம்.

தம்புள்ளையில் ஒரு முதியவர் ஏறி எனக்குப் பக்கத்தில் அமர்ந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைப் போட்டிருந்தார். மரக்கறிச் சந்தையில் ஏதோ அலுவல் முடித்து வருகிறாராம். தம்பலகாமத்துக் கமக்காரர். ஏறியதும் அவர் கேட்ட முதற் கேள்வி இதுதான்:

“தம்பி, கந்தளாய்க் குளம் வான் பாயுதாமோ? ஏதும் அறிஞ்சீங்களா?”

“தெரியாது ஐயா” என்றேன்.

“மூண்டு நாளா விடாமப் பெய்யுது. பயிர் இப்பதான் கதிர் எடுக்கிற பருவம்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

ஹபரணையைத் தாண்டியதும் காடு. இது மலைநாட்டுக் காடு அல்ல. வரண்ட வலயக் காடு. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் வளர்கிற காடு. கோடையில் இவ்வழியே வந்தால் இலைகள் வாடி, மண் வெடித்துக் கிடக்கும். யானைகள் எல்லாம் மின்னேரியா, கவுடுல்லை ஆகிய குளங்களின் வற்றிய கரைப் புல்லைத் தேடி ஆவணி, புரட்டாதியில் கூட்டமாய்க் கூடும். மாரி பிறந்து குளங்கள் நிறைய, அவை கலைந்து காட்டுக்குள் போய்விடும். சிலப்பதிகாரம் ஒரு செய்தி சொல்கிறது: பாலை என்பது தனி நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலுள்ள காட்டைக் கோடையில் ஒரு தடவையும் மாரியில் ஒரு தடவையும் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஒரே காடுதான் ஆறு மாதம் முல்லையாகவும் ஆறு மாதம் பாலையாகவும் இருக்கிறது.

இதற்குக் காரணம் காற்று. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மழை முழுவதையும் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது ஈரமற்ற கச்சான் காற்றாக வருகிறது. எங்களுக்கு மழை தருவது வாடைக்காற்று. ஐப்பசியிலிருந்து தைக்குள் ஆண்டு மழையின் பெரும்பகுதியும் பெய்து முடிந்துவிடும். பெரும்போகம் அந்த மழையில் விளையும். சிறுபோகத்துக்கு என்ன செய்வது? மாரித் தண்ணீரைக் கட்டி வைக்க வேண்டும். போதாததற்கு, தென்மேல் பருவக்காற்று மலையில் பெய்த மழையையும் இங்கே கொண்டுவர வேண்டும். முதலாவதைப் பண்டைக் காலத்தவர் குளம் கட்டிச் செய்தார்கள். இரண்டாவதற்கும் எலகரைக் கால்வாயை வெட்டி அவர்களே வழிகாட்டினார்கள். பொல்கொல்லைச் சுரங்கம் அந்த வழியை இன்னும் மேலே, மகாவலி வரை நீட்டியது.

கல்லோயாச் சந்தியையும் அக்போபுரத்தையும் கடந்து கந்தளாயை நெருங்கியபோது, முதியவர் எழுந்து நின்றுவிட்டார். ஆவி படிந்த கண்ணாடியைத் துவாயால் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தார். குளக்கட்டு நீண்டு கிடந்தது. ஏறத்தாழ 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் கொண்ட மண் கட்டு அது. பேராற்றை மறித்துக் கட்டிய இந்தக் குளம் 13 கோடி கன மீற்றருக்கு மேல் நீர் கொள்ளும். கட்டியவர் யார் என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்போ மன்னன் கட்டினான் என்று பாளி வரலாற்று நூல்வழி வந்த மரபு கூறும். திருக்கோணேச்சரத்தின் திருப்பணிக்காகக் குளக்கோட்டன் கட்டினான் என்று கோணேசர் கல்வெட்டு கூறும். குளமும் கோட்டமும் கட்டியதனால் குளக்கோட்டன் என்று பெயர்க் காரணம் சொல்வார்கள். சோழர் காலத்தில் கந்தளாய், சதுர்வேதிமங்கலம் என்ற பிராமணக் குடியிருப்பாகவும் விளங்கியது. எப்படியாயினும், வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கட்டைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள விரும்பியிருக்கிறார்கள்.

“இப்பவும் இந்தக் கட்டைக் கண்டா நெஞ்சு ஒருக்கா அடிச்சுத்தான் ஓயும் தம்பி” என்றார் முதியவர்.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, விடியற்காலை 3 மணியளவில் இந்தக் கட்டு உடைந்தது. நித்திரையில் இருந்த ஊர்களின் மேல் குளம் பாய்ந்தது. 120க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ 2,000 ஏக்கர் வயல் பாழாயிற்று. நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. யாரை யார் நம்புவது என்று தெரியாத காலம். வெள்ளம் ஆரையும் இனம் கேட்கவில்லை.

“எனக்கு ஒரு கூட்டாளி இருந்தவர், சிங்கள ஆள். அறுவடைக்கு எங்கட வயலுக்கு வருவார், அவற்ர வயலுக்கு நாங்க போவம். அந்த வீட்டில ஒருத்தரும் மிஞ்சேல்ல” என்றார். பிறகு, நான் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னார்: “மழையில உடைஞ்சிருந்தா மனம் ஆறும் தம்பி. சித்திரை மாதம். வானத்தில ஒரு முகில் இல்ல. தண்ணி கட்டுக்கு மேலால வந்தா எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும். உள்ளால போனா ஆருக்குத் தெரியும்?”

ஒரு பொறியியலாளர் ஒரு மணித்தியாலம் விளக்க வேண்டிய விஷயத்தை அவர் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார். மண் கட்டுக்குப் பகைவர் இருவர். ஒன்று, வெள்ளம் கட்டை மேவிப் பாய்வது. அதற்காகத்தான் வான் வைக்கிறார்கள். மிஞ்சிய நீரை வான் வெளியே விட்டுவிடும். மற்றது, கட்டின் உள்ளே நூல் போலக் கசிகிற நீர். அது முதலில் தெளிவாகக் கசியும். பிறகு ஒவ்வொரு மணலாக அரித்துக்கொண்டு கலங்கி வரும். துவாரம் பெருக்கும், கடைசியில் கட்டு இருந்த இடத்தில் கட்டு இராது. துருசும் குழாயும் கட்டைத் துளைத்துப் போகும் இடங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். பண்டைய பெருங்குளங்களைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். சிங்களத்தில் பிசோகொட்டுவ என்று சொல்லப்படும் கற்கிணறு ஒன்றைக் கட்டினுள் சதுரமாக அமைத்து, நீரின் வேகத்தை அங்கே அடக்கி, பிறகே வாய்க்காலுக்கு விட்டார்கள். ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1909இல் வெளிவந்த தமது நூலில் இதை வியந்து எழுதினார்.

அத்தனை நுட்பமும் கண்ட கட்டு எங்கள் காலத்தில் ஏன் உடைந்தது? கட்டுமான வேலைக்குப் பாரமேற்றிய வாகனங்கள் கட்டின் மேல் ஓடியதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. எந்தக் கட்டையும் கட்டியவனின் அறிவு மட்டும் காப்பதில்லை. நாளாந்தம் கட்டில் நடந்து, ஈரம் கண்ட இடத்தில் குனிந்து பார்ப்பவனும் வேண்டும். அந்த நடை நின்றுபோன குளத்தைக் குளக்கோட்டனாலும் காக்க முடியாது.

கந்தளாயைக் கடந்து முள்ளிப்பொத்தானைப் பக்கம் வந்ததும் நிலம் தாழ்ந்து அகன்றது. தம்பலகாமத்து வயல்வெளி, மழைக்குள்ளும் பச்சை ஒளிர்ந்தது. இதுதான் மருதம். ஆனால் காவிரி, வைகை போல ஓர் ஆறு தானாகத் தந்த மருதம் அல்ல. ஆறு மாதம் பாலையாகக் காய்கிற மண்ணில், ஒரு மண் கட்டு தந்த மருதம். மருதம் நெய்தல் என்று ஒப்புவித்த நாட்களில் இந்த வேறுபாட்டை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் மாவட்டத்தில் மருதம் ஒரு நிலமல்ல, ஒரு வேலை. ஒவ்வொரு மாரியிலும் அதைத் திரும்பச் செய்யவேண்டும். செய்யாவிட்டால், மருதத்துக்கு உரிய ஊடல் போய், நெய்தலுக்கு உரிய இரங்கலே மிஞ்சும். 1986இல் மிஞ்சியது அதுதான்.

முதியவர் தம்பலகாமச் சந்தியில் இறங்கினார். “போயிட்டு வாறன் தம்பி” என்று சொல்லி, துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் நடந்தார்.

பாலம்போட்டாற்றைத் தாண்டச் சிறிது நேரத்தில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. தம்பலகாம வயல்களை நனைத்து மிஞ்சிய நீர் தம்பலகாமக் குடாவில் சேர்கிறது. பொல்கொல்லையில் பிரிந்து போகாத மற்றப் பங்கு, மகாவலியோடே நெடுந்தூரம் சுற்றிக் கொட்டியாரக் குடாவுக்கு வருகிறது. இரண்டு குடாக்களும் சந்திக்கும் வாயில் கிண்ணியாவில் இருக்கிறது. முன்பு பாதையில் வாகனத்தை ஏற்றிக் கடந்த அந்த நீரிணைக்கு மேல், 2009இல் திறக்கப்பட்ட பாலம் இப்போது நிற்கிறது. காலையில் கட்டுகாஸ்தோட்டையில் நான் கண்ட நீர் இரண்டாகப் பிரிந்து, சுரங்கமும் காடும் குளமும் வயலும் கடந்து, மறுபடியும் ஒன்று சேர்கிற இடம் அதுதான்.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து முகம் கழுவினேன். திருகோணமலை நகரின் குழாயில் வருவதும் கந்தளாய்க் குளத்து நீர்தான். இத்தனை காலம் குடித்தும் நான் அதை நினைத்ததில்லை.

அன்றிரவு மழை விடவில்லை. வானொலியைத் திறந்து வைத்துக்கொண்டு, கந்தளாயில் வான்கதவு திறக்கிறார்களா என்ற அறிவித்தலுக்காக நடுச்சாமம் வரை விழித்திருந்தேன். முல்லைக்கு உரிய ஒழுக்கம் இருத்தல், அதாவது காத்திருத்தல் என்று படித்திருக்கிறோம். எனக்குத் தம்பலகாமத்தில் ஒரு பரப்பு வயலும் கிடையாது. அன்றுவரை யாராவது கேட்டிருந்தால், கந்தளாய்க் கட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் சொல்லியிருப்பேன்.